கழுதை முன்னே... பூத் ஆபீசர் பின்னே! கோட்டூர் மலைக்கு ஒரு தேர்தல் ட்ரெக்கிங்

ட்ரெக்கிங் போகிறவர்கள் மாதக்கணக்கில் திட்டம் போடுவார்கள். எந்த மலை, எத்தனை கிலோமீட்டர், எந்த ஷூ, கைடு யார், ராத்திரி எங்கே தங்கல் என்று வாட்ஸ்அப் குரூப்பே களைகட்டும். தருமபுரி மாவட்டத்தில் நடக்கும் ஒரு மலையேற்றம் இதற்கு நேர் எதிர். அதில் ஏறப்போகிறவர்களுக்கு, தாங்கள் மலை ஏறப்போகிறோம் என்பதே கிளம்புகிற நேரத்தில்தான் தெரியும். ட்ரெக்கிங் ஷூவெல்லாம் கிடையாது. கையில் மாற்றுத்துணிப் பை, தண்ணீர் பாட்டில், கொஞ்சம் பிஸ்கட். வழிகாட்டி, ஒரு கழுதைக்காரர்.

தேர்தல் டியூட்டிதான் அது.

பென்னாகரம் சட்டமன்றத் தொகுதிக்குள் வருகிறது கோட்டூர் மலை. வட்டுவனஅள்ளி ஊராட்சி. ஏரிமலை, அலகட்டு என்று அக்கம்பக்கத்தில் இன்னும் சில மலை ஊர்கள். (தருமபுரி பக்கம் இப்படி 'அள்ளி'யில் முடியும் ஊர்கள் ஏராளம். கன்னடத்து 'ஹள்ளி'தான் இங்கே வந்து 'அள்ளி' ஆகியிருக்கிறது. கர்நாடக எல்லை அவ்வளவு பக்கம்.) அடிவாரத்திலிருந்து ஊருக்கு ஏழெட்டு கிலோமீட்டர் மலைப்பாதை. 2021 சட்டமன்றத் தேர்தலிலும் சரி, 2024 நாடாளுமன்றத் தேர்தலிலும் சரி, இந்த மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை முதுகில்தான் ஏறின. ஒவ்வொரு முறையும் அந்தப் படம் செல்போன்களில் சுற்றும். ஒரு நாள் எல்லோரும் ஆச்சரியப்படுவார்கள். மறுநாள் வேறு படம் வந்துவிடும். அந்தப் படத்துக்கு முன்னாலும் பின்னாலும் என்ன நடக்கிறது?

முதல் நாள்: அரக்கும் சாக்குப் பையும்

தேர்தல் பணிக்கு வருகிறவர்களில் ஆசிரியர்கள் அதிகம். மற்றவர்கள் அரசு அலுவலக ஊழியர்கள். யாருக்கு எந்த பூத் என்பதை கம்ப்யூட்டர் குலுக்கல்தான் முடிவு செய்கிறது. மூன்று கட்டமாக நடக்கும் குலுக்கலில் கடைசிக் கட்டம், வாக்குப்பதிவுக்குக் கிட்டத்தட்ட முந்தைய நாளில்தான். உள்ளூர்க்காரர்கள் முன்கூட்டியே யாரையும் 'கவனித்து' விடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. ஆக, முந்தைய நாள் காலையில் பொருட்கள் வாங்க வரிசையில் நிற்கும்போது, 'எந்த பூத் சார்?' என்பதுதான் எல்லோர் வாயிலும். ரோட்டோர பூத் கிடைத்தவர் நிம்மதியாக டீ குடிக்கப் போவார். மலை பூத் கிடைத்தவர் வீட்டுக்கு போன் போடுவார்.

ஒரு பூத்துக்கு ஒரு தலைமை அலுவலர், மூன்று வாக்குப்பதிவு அலுவலர்கள், பாதுகாப்புக்கு போலீஸ். இவர்களோடு போகும் சாமான்தான் பெரிய கதை. வாக்காளர் பட்டன் அழுத்தும் இயந்திரம், அலுவலர் மேஜையில் இருக்கும் கட்டுப்பாட்டு இயந்திரம், யாருக்கு ஓட்டு விழுந்தது என்று சீட்டு காட்டும் விவிபேட். அப்புறம் மறைப்பு அட்டை, வாக்காளர் பட்டியல், படிவங்கள், கட்டுக் கட்டாகக் கவர்கள், மைசூரில் கர்நாடக அரசு நிறுவனம் தயாரிக்கும் அழியாத மை. அதோடு நூல், மெழுகுவத்தி, அரக்கு. எல்லாம் எலெக்ட்ரானிக் ஆன பிறகும் கடைசியில் அரக்கை உருக்கித்தான் சீல் வைக்கிறோம்!

சாமான்களோடு வண்டி அடிவாரம் வரை வரும். அங்கே கழுதைகள் காத்திருக்கும். இனிமேல் பயணத்தின் பொறுப்பு, சட்டப்படி தலைமை அலுவலருடையது. நடைமுறையில் கழுதைக்காரருடையது.

கழுதைக்குப் பாரம் ஏற்றுவது பார்க்கத்தான் சுலபம். இரண்டு பக்கமும் எடை சமமாகத் தொங்க வேண்டும். ஒரு பக்கம் இழுத்தால் செங்குத்தான இடத்தில் பாரம் சரியும். பாரத்தோடு கழுதையும் சரியும். நம்மூர்க் கழுதை உருவத்தில் சிறியது. குதிரை சுமக்கிற அளவை அதன் முதுகில் ஏற்ற முடியாது. போதாக்குறைக்கு இந்தப் பாரம் அரிசி மூட்டையும் இல்லை. விவிபேட் கொஞ்சம் நோஞ்சான். அதன் முதுகில் ஒரு திருகு இருக்கிறது. பயணத்தின்போது அதைப் படுக்கைவாட்டில் திருப்பிப் பூட்டி வைக்க வேண்டும். பூத்தில் வைத்த பிறகுதான் நிமிர்த்த வேண்டும். மாற்றிச் செய்தால் உள்ளே இருக்கும் காகித உருளை ஆட்டத்தில் கெட்டுப்போகும். நேரடி வெயிலும் அதற்கு ஆகாது. ஆகவே பெட்டிக்கு மேல் சாக்கு, சாக்குக்கு மேல் கயிறு என்று கட்டியாக வேண்டும். அந்த முடிச்சுகளுக்குத் தேர்தல் பயிற்சி வகுப்பில் பாடம் கிடையாது.

பிறகு நடை. 2019-ல் ஏப்ரல் 18, 2021-ல் ஏப்ரல் 6, 2024-ல் ஏப்ரல் 19 என்று சமீபத்திய தேர்தல்கள் எல்லாமே தமிழ்நாட்டுக்கு ஏப்ரலில்தான் வாய்த்தன. கிழக்குத் தொடர்ச்சி மலையின் வறண்ட காடுகள் இலையுதிர்த்து நிற்கும் காலம் அது. மரம் இருக்கும், நிழல் இருக்காது. பாறை சூடேறி, கீழிருந்தும் அனல் அடிக்கும். நகரத்தில் மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கும் ஐம்பது வயதுக்காரர், பூத் ஆவணங்களை மார்போடு அணைத்துக்கொண்டு ஏற வேண்டும். இயந்திரத்தைக் கண்பார்வையிலிருந்து விடக் கூடாது என்பது விதி. கழுதை வேகமாகப் போனால் அவரும் வேகமாகப் போக வேண்டும்; கழுதை நின்றால் அவரும் நிற்கலாம். கழுதை எப்போது நிற்கும் என்பது கழுதைக்காரருக்குத்தான் தெரியும்.

கழுதையைப் பிடிவாதம் பிடித்த பிராணி என்று திட்டுகிறோம். மலையில் அந்தப் பிடிவாதம்தான் காப்பாற்றுகிறது. கால் வைக்கிற இடம் உறுதி என்று தெரியாமல் அது அடுத்த அடி எடுத்து வைக்காது. அடித்தாலும் நகராது. உருண்டைக் கற்கள் நிறைந்த சரிவில் மனிதன் வழுக்குகிற இடத்தில் அது தடம் பார்த்து ஏறிவிடும். எந்த வளைவில் அதை மூச்சு வாங்க விட வேண்டும், எங்கே கயிற்றை இறுக்கிப் பிடிக்க வேண்டும், எங்கே விட்டுவிட வேண்டும் என்பதெல்லாம் வருஷக்கணக்காக அதே பாதையில் நடந்து வந்த படிப்பு.

இரண்டாம் நாள்: காலை 5.30

முதல் இரவு பள்ளிக்கூடக் கட்டடத்தில், இயந்திரங்களுக்குப் பக்கத்திலேயே. மலை பூத்களில் சாப்பாட்டுக்கு ஊரைத்தான் நம்ப வேண்டும். வேட்பாளர் தரப்பிலிருந்து எதையும் வாங்கிச் சாப்பிடக் கூடாது என்ற விதி ஒரு பக்கம், ஊரில் கடை இல்லை என்ற நிலைமை ஒரு பக்கம்.

ஏழு மணி வாக்குப்பதிவுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே மாதிரி வாக்குப்பதிவு தொடங்கிவிட வேண்டும். ஏஜென்ட்கள் முன்னிலையில் குறைந்தது 50 ஓட்டு போட்டு, எண்ணிக் காட்டி, அதை அழித்து, சீல் வைத்த பிறகுதான் உண்மையான ஓட்டு. இயந்திரங்கள் பேட்டரியில் ஓடுபவை. மின்சாரம் வந்தாலும் போனாலும் கவலையில்லை. சிக்னல்தான் கவலை. இத்தனை மணி வரை இத்தனை சதவிகிதம் என்று கீழே சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். செல்போன் எடுக்காத பூத்களுக்கு வயர்லெஸ் கொடுத்து அனுப்புவதுண்டு.

நகரத்து பூத்தில் இருக்கும் பரபரப்பு இங்கே இருக்காது. எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். கள்ள ஓட்டுப் பேச்சுக்கே இடமில்லை. மாலை ஆறு மணிக்கு (கொரோனா காரணமாக 2021-ல் ஏழு மணிக்கு) வாக்குப்பதிவு முடிந்ததும் கணக்கை எழுதி, ஏஜென்ட்களிடம் நகல் கொடுத்து, மறுபடியும் அரக்கு, நூல், சீல்.

இந்தப் பயணத்தில் அதிகம் யோசிக்க வைக்கும் கட்டம் இதற்குப் பிறகுதான். ஓட்டுப் போட்ட இயந்திரம் எவ்வளவு சீக்கிரம் ஸ்ட்ராங் ரூமுக்குப் போகிறதோ அவ்வளவு நல்லது. தருமபுரித் தொகுதிக்கு செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரியில் எண்ணிக்கை நடப்பது வழக்கம். ஆனால் மலைக்கும் அந்த ரூமுக்கும் நடுவில் இருப்பது யானைக் காடு. பென்னாகரம் காடுகளிலிருந்து ஒகேனக்கல், காவிரி, அதைத் தாண்டி கர்நாடகம் என்று யானைகள் போக்குவரத்தாக இருக்கும் நிலம் இது. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டர் காட்டை, காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் என்று தமிழ்நாடு அரசு 2022 நவம்பரில் அறிவித்தது. கோடையில் தண்ணீரைத் தேடி யானைகள் நடமாடும் நேரமும் இருட்டுதான். இறங்குவதா, விடியட்டும் என்று காத்திருப்பதா? தேர்தல் கமிஷனின் தடிமனான கையேட்டைவிட, 'இப்ப கிளம்பலாம்' என்று கழுதைக்காரரும் வனத்துறை ஊழியரும் சொல்லும் சொல்லுக்கே அந்த நேரத்தில் மதிப்பு அதிகம்.

ரெண்டே கிலோமீட்டர்!

இவ்வளவு கஷ்டப்படுவதற்குப் பதில், மலைக்காரர்களைக் கீழே வந்து ஓட்டுப் போடச் சொன்னால் என்ன? சொல்ல முடியாது. எந்த வாக்காளரும் ஓட்டுப் போட இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடக்கக் கூடாது என்பதைத் தேர்தல் கமிஷன் நெறிமுறையாக வைத்திருக்கிறது. அதை எந்த அளவுக்குக் கடைப்பிடிக்கிறார்கள் என்பதற்கு அருணாசலப் பிரதேசத்தின் மாலோகம் கிராமம் உதாரணம். அங்கே ஒரே ஒரு பெண் வாக்காளர். 2019-லும் 2024-லும் அவர் ஒருவருக்காக வாக்குப்பதிவுக் குழு ஏறக்குறைய 40 கிலோமீட்டர் மலையும் காடும் கடந்து போனது. குஜராத்தில் சிங்கங்கள் வாழும் கிர் காட்டுக்குள், பானேஜ் கோயில் பூசாரி ஒருவருக்காகத் தனி பூத் வைத்ததும் பிரசித்தம்.

தமிழ்நாட்டிலும் கோட்டூர் மட்டும் தனி இல்லை. நாமக்கல் மாவட்டம் போதமலைக்கு அலுவலர்கள் இயந்திரங்களைத் தலையிலும் தோளிலும் சுமந்து ஏறியிருக்கிறார்கள். தேனி மாவட்டம் போடிக்கு மேலே உள்ள மலை ஊர்களுக்குக் குதிரையில் போயிருக்கின்றன.

பாராட்ட வேண்டிய விஷயம்தான். சந்தேகமே இல்லை. ஆனால் பாராட்டிவிட்டு அதே பாதையை இன்னொரு முறை பார்க்க வேண்டும். வாக்குப்பதிவுக் குழு ஐந்து வருஷத்தில் இரண்டு, மூன்று தடவை ஏறும் பாதையில், ஊர்க்காரர்கள் எல்லா நாளும் ஏறி இறங்குகிறார்கள். கடைச் சாமான் அந்த வழியாகத்தான் மேலே போக வேண்டும். விளைந்தது அந்த வழியாகத்தான் கீழே வர வேண்டும். வாக்குப்பதிவு இயந்திரத்தைச் சுமந்தால் செய்தி. அரிசி மூட்டையைச் சுமந்தால் அது செய்தியில்லை.

இரண்டு கிலோமீட்டர் என்று ஓட்டுக்கு இருப்பதுபோல மற்றதற்கும் கணக்கு உண்டு. கல்வி உரிமைச் சட்ட விதிகளின்படி தொடக்கப்பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள், நடுநிலைப்பள்ளி மூன்று கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் படிக்க? மலையை விட்டு இறங்க வேண்டும், இல்லை விடுதியில் சேர வேண்டும். பெண் பிள்ளைகளின் படிப்பு எந்த வகுப்போடு நிற்கும் என்பதை இந்த தூரம்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

ஆஸ்பத்திரிதான் எல்லாவற்றையும்விட முக்கியம். தமிழ்நாட்டில் 108 சேவை 2008-ல் வந்தது. ஆனால் ஆம்புலன்ஸுக்கு ரோடு வேண்டும். ரோடு இல்லாத மலை ஊர்களில் பிரசவ வலி எடுத்தால் போர்வையில் தூளி கட்டி, மூங்கிலில் கோத்து, ஆள் மாற்றி ஆள் தோள் கொடுத்து இறக்குவதுதான் வழக்கம். பாம்புக் கடிக்கும் அதே தூளி. இந்தியாவில் பாம்புக் கடியால் ஆண்டுக்கு சராசரியாக 58,000 பேர் இறக்கிறார்கள் என்று 2020-ல் வெளியான ஆய்வு சொன்னது. விஷமுறிவு மருந்து அரசு ஆஸ்பத்திரியில் இருக்கிறது. அதுவரை போய்ச் சேரும் நேரம்தான் உயிரைத் தீர்மானிக்கிறது. 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் பாம்பு கடித்து இறந்த குழந்தையின் உடலைத் தாய் சுமந்துகொண்டு நடந்த செய்தியைப் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆம்புலன்ஸ் பாதி வழிக்கு மேல் போக ரோடு இல்லை.

ரோடு போட ஏன் இவ்வளவு யோசனை?

'ரோடு போட்டால் முடிந்தது' என்று சமவெளியில் உட்கார்ந்து சொல்வது சுலபம். பாதை போவது காட்டு நிலத்தில். 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில் இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. பள்ளி, ஆஸ்பத்திரி, சாலை போன்ற வசதிகளுக்கு கிராம சபை பரிந்துரை செய்தால் காட்டு நிலத்தை எளிதாக மாற்றிக் கொடுக்கலாம். நிபந்தனை இரண்டு: நிலம் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஹெக்டேருக்குள் இருக்க வேண்டும், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது.

ஒரு சின்னக் கணக்கு. ஏழு கிலோமீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம் என்று வையுங்கள். 2.1 ஹெக்டேர் வந்துவிடுகிறது! ஒரு ஜீப் போகும் அகலத்துக்கே இந்தக் கணக்கு. வளைவுகள், வடிகால், தடுப்புச்சுவர் எல்லாம் தனி. ஒரு ஹெக்டேரைத் தாண்டினால் 1980-ம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும். எடுக்கும் நிலத்துக்கு ஈடாக வேறு இடத்தில் காடு வளர்க்க வேண்டும். ஃபைல் ஏறும் மலை, கோட்டூர் மலையைவிட உயரம்.

வனத்துறையின் தயக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. ரோடு வந்தால் ஆம்புலன்ஸ் மட்டும் வராது. மரம் கடத்துகிற வண்டியும் வரும், பாட்டில் உடைக்கிற கூட்டமும் வரும். யானை வழித்தடத்தில் ராத்திரி ஹெட்லைட் எரிந்தால் யானை வேறு பக்கம் திரும்பும். அந்த வேறு பக்கம் யாரோ ஒருவரின் ராகிக் காடாக இருக்கும்.

இதே மாவட்டத்தில் வத்தல்மலை ஒரு நல்ல ஒப்பீடு. ஒரு காலத்தில் அங்கேயும் நடைதான். பிறகு இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளோடு சாலை வந்தது, பேருந்தும் வந்தது. காபியும் மிளகும் விளைகிற அந்த மலையில் விளைச்சலை இறக்குவது சுலபமானது. பிள்ளைகள் படிக்கப் போவதும் சுலபமானது. கூடவே ஞாயிற்றுக்கிழமை பைக் கூட்டமும் வந்தது. அதற்காக வத்தல்மலைக்காரர்களிடம் போய் 'ரோடு வேண்டாமா?' என்று கேட்டால் சிரிப்பார்கள். போதமலைக்கும் சுமார் 140 கோடி ரூபாயில் 31 கிலோமீட்டர் சாலைக்கு அரசு நிதி ஒதுக்கியது. மனசு வைத்தால் காட்டுக்கும் கேடில்லாமல், ராத்திரி வாசல் போட்டு, உள்ளூர் வண்டிகளுக்கு மட்டும் என்று வழி செய்ய முடியும்.

அதுவரை செய்யக்கூடியதும் உண்டு. மலை ஊர்களின் கர்ப்பிணிகள் பிரசவ நாளுக்கு முன்பே வந்து தங்குவதற்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் காத்திருப்பு அறைகள் சில மாவட்டங்களில் இருக்கின்றன. 108-ல் பைக் ஆம்புலன்ஸும் உண்டு. பாதையை பைக் ஏறும் அளவுக்குச் செப்பனிடுவதற்கு நூறு கோடி தேவையில்லை. நான்கு பேர் தோளில் ஸ்ட்ரெச்சர் தட்டாமல் இறங்கும் அளவுக்கு அகலம் இருந்தாலே எத்தனையோ நிமிடங்கள் மிச்சம்.

கைடு என்றால் யார்?

மலையேற்றத்தில் வழிகாட்டியின் அருமை விபத்து நடக்கும்போதுதான் தெரியும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் ட்ரெக்கிங் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காய்ந்த புல் சரிவில் தீ எந்த வேகத்தில் மேலேறும், எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பது அந்த மண்ணில் வாழ்ந்தவர்களுக்குத் தெரிந்த விஷயம். தகவல் தெரிந்ததும் முதலில் மேலே ஓடியவர்களும் உள்ளூர்க்காரர்கள்தான்.

அதன் பிறகு தமிழ்நாட்டில் ட்ரெக்கிங்குக்கு விதிகள் வந்தன. பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்தார்கள். காட்டுத்தீ காலமான பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை ட்ரெக்கிங் கூடாது என்றார்கள். 2021-ல் வாக்குப்பதிவு நடந்த ஏப்ரல் 6, அந்தத் தடைக்காலத்துக்கு நடுவில்தான் வருகிறது. பொழுதுபோக்குக்காக ஏறுகிறவர்களை 'இப்போது ஆபத்து' என்று நிறுத்தி வைக்கிற மாதத்தில்தான், நடுத்தர வயது டீச்சர்களைக் கூட்டிக்கொண்டு கழுதைக்காரர்கள் மலையேறியிருக்கிறார்கள்.

2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தை அரசு தொடங்கியது. 40 பாதைகள், ஆன்லைனில் முன்பதிவு. பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் குத்திராயன் சிகரமும் பட்டியலில் உண்டு. கூடவே வருகிற கைடுகள், பயிற்சி பெற்ற பழங்குடியினரும் மலையோர ஊர்க்காரர்களும். நல்ல யோசனை. மலேசியாவின் கினபாலு மலையில் கைடு இல்லாமல் ஏறவே முடியாது. 2015 ஜூன் 5 அன்று அங்கே நிலநடுக்கம் வந்து 18 பேர் இறந்தபோது, மேலே சிக்கிய 137 பேரைப் பாறை சரிவுகளுக்கு நடுவே இறக்கிக் கூட்டிவந்தவர்கள் அந்த கைடுகள்தான். உயிரிழந்தவர்களில் கைடுகளும் உண்டு.

கோட்டூர் மலைக் கழுதைக்காரர் செய்வதும் அதே வேலைதான். அதோடு ஒரு தேர்தலையே முதுகில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். தேர்தல் பட்ஜெட்டில் அவர் 'போக்குவரத்துச் செலவு'. கைடு என்ற பெயர், பயிற்சிச் சான்று, காப்பீடு, அடையாள அட்டை... இதெல்லாம் டிக்கெட் வாங்கி ஏறுகிறவர்களின் வழிகாட்டிகளுக்குக் கிடைக்கும்போது, அரசாங்கத்தையே வழிகாட்டிக் கூட்டிப்போகிறவருக்கு ஏன் கூடாது?

இதில் அவசரமும் இருக்கிறது. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதை என்பார்களே, அது இப்போது கழுதைகளுக்கே நடக்கிறது. 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க 3.2 லட்சம் கழுதைகள் இருந்தன. 2019-ல் அது 1.2 லட்சம். ஏழே வருஷத்தில் 61 சதவிகிதம் காணாமல் போய்விட்டது. துணி மூட்டைக்கு வண்டி வந்துவிட்டது, செங்கல் சூளைக்கு டிராக்டர் வந்துவிட்டது. கழுதை வளர்த்துப் பிழைக்க அடுத்த தலைமுறைக்கு விருப்பமும் இல்லை. ரோடு வந்து கழுதை போனால் பரவாயில்லை. ரோடு வருவதற்குள் கழுதை போய்விட்டால், போதமலைபோல எல்லாம் மனிதர்கள் தலைக்கு வரும்.

இதைப் படித்துவிட்டு 'அடுத்த லீவுக்குக் கோட்டூர் மலை' என்று யாரும் பையைத் தூக்க வேண்டாம். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். தருமபுரி மாவட்டக் காடுகளில் எங்கே நடக்க ஆசைப்பட்டாலும் முதலில் மாவட்ட வன அலுவலகத்தில் கேளுங்கள். அனுமதி கிடைத்தால் உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் ஏறாதீர்கள்; அவர் திரும்பலாம் என்றால் உடனே திரும்புங்கள். பேரம் பேசாமல் கூலி கொடுங்கள். பிளாஸ்டிக்கைக் கீழே கொண்டுவந்துவிடுங்கள். பாதையில் பாரத்தோடு கழுதை வந்தால், மலைப் பக்கமாக ஒதுங்கி அதற்கு வழி விடுங்கள். பள்ளத்துப் பக்கம் ஒதுங்கினால், பெட்டி இடித்துக் கீழே போவது நீங்களாக இருக்கும்.